மே மாதப் பச்சை, ஜனவரிப் பச்சை: மடிப்பாக்கத்தில் மரம் நட இடம் தேடிய பதிவு

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏரியாவில் மரம் நட இடம் தேடுகிறீர்கள் என்றால், ஒரே ஒரு நாள் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பச்சை மேப் போடுவதில் பெரிய பலன் இல்லை. இரண்டு படம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒன்று, அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற மே மாதத்தில் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கும்போதுதான் எது மரம், எது புல், எது சிமென்ட் என்று பிரிந்து வரும். மரம் நட இடம் எங்கே என்பதும் அந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் செய்த வேலை, அதையும் விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

மடிப்பாக்கம் தெரியாதவர்களுக்காக: சென்னையின் தெற்குப் பக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி மேற்கே இருக்கிற பகுதி. 2011 வரை ஊராட்சி. அந்த வருடம்தான் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, நாங்களும் உள்ளே வந்தோம். தி. நகருக்கு ஒரு பனகல் பூங்கா, அண்ணா நகருக்கு ஒரு டவர் பார்க் என்று முன்கூட்டியே திட்டம் போட்டு ஒதுக்கிய பெரிய பூங்கா இங்கே கிடையாது. வயலாக இருந்ததை அவரவர் பிரித்து மனையாக விற்றார்கள். 20 அடி ரோடு, 23 அடி ரோடு, நடுவில் முட்டுச்சந்து. இப்போது மேடவாக்கம் பிரதான சாலை நெடுக மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை வேறு. நலச்சங்கக் கூட்டத்தில் "நிழலே இல்லை, மரம் நடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் "இடம் எங்கே சார் இருக்கு?" என்று இன்னொருவர் கேட்பார், அதோடு பேச்சு குப்பை வண்டி பக்கம் போய்விடும். இருக்கிறதா இல்லையா என்று மேலிருந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு இது தொழில் இல்லை, அலுவலகத்தில் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற ஆள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருள் மட்டும் கொஞ்சம் பழக்கம்.

படம் எங்கே கிடைக்கும்? ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2. பைசா செலவில்லை, கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் ஒரு கணக்கு ஆரம்பித்தால் போதும். 2ஏ என்ற முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனில் போனது, 2பி 2017 மார்ச்சில். இரண்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்த பிறகு ஒரே இடத்தின் படம் ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கிறது. மொத்தம் 13 ஒளிப்பட்டைகள், அதில் நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு நான்கும் 10 மீட்டர் துல்லியம், மீதி 20 அல்லது 60. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள், மடிப்பாக்கம் விழுகிற கட்டம் 44பிஎம்வி. எல்1சி, எல்2ஏ என்று இரண்டு வகை காட்டும். எல்2ஏவை எடுங்கள். காற்றில் இருக்கிற தூசியும் நீராவியும் செய்கிற கலப்படத்தை நீக்கி, தரையிலிருந்து திரும்பிய ஒளியை மட்டும் சொல்வது அதுதான். முழு ஃபைல் ஒரு ஜிபி அளவுக்கு வரும், நமக்கு அதற்குள் இருக்கிற பி4 (சிவப்பு), பி8 (அண்மை அகச்சிவப்பு) என்ற இரண்டு பட்டையும் மேகத்தைக் குறித்து வைத்திருக்கிற எஸ்சிஎல் என்ற லேயரும் போதும்.

"கூகுள் மேப்பில் இதைவிடப் பளிச்சென்று தெரியுமே?" என்று உடனே கேட்பார்கள். தெரியும்தான். கார்கூடத் தெரியும். ஆனால் அது கண்ணுக்கான படம். அகச்சிவப்பு அதில் இல்லை, பக்கத்துப் பக்கத்துத் தெருவின் படம் வேறு வேறு நாளில் எடுத்ததாகக்கூட இருக்கும். நமக்கு வேண்டியது தேதி தெரிந்த, எண்ணாக எடுக்க முடிந்த படம். கூகுள் எர்த்தைக் கடைசியில் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், அதில் பழைய வருடப் படங்களை நகர்த்திப் பார்க்கிற வசதி அருமையானது.

10 மீட்டர் என்றால் எவ்வளவு என்பதை நம்ம ஊர்க் கணக்கில் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக ஒரு பிக்சல் அரை கிரவுண்டுக்கும் குறைவு, ஒரு கிரவுண்டு மனையில் இரண்டு பிக்சல் சொச்சம் விழும், அதுவும் மனையின் எல்லையோடு ஒட்டி விழாது, பாதி பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும். நம் 20 அடி ரோடு 6 மீட்டர்தான், அதனால் ரோடு தனியாகத் தெரியவே தெரியாது. நன்கு வளர்ந்த தூங்குமூஞ்சி மரம் 20 மீட்டருக்கும் மேல் குடை விரிக்கும், அது தெரியும். வீட்டு வாசலில் நிற்கிற சின்னப் புங்கை தெரியாது. சுவரும் புங்கையும் ரோடும் ஒன்றாய்க் கலந்து ஒரு நடுத்தர எண்ணாக வந்து நிற்கும். இந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டேன், இல்லையென்றால் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிற குஷியில் படத்துக்குள் இல்லாததையெல்லாம் இருப்பதாக நினைக்க ஆரம்பித்துவிடுவோம்.

அப்புறம் என்டிவிஐ, ஓர் இடம் எவ்வளவு பச்சை என்று சொல்கிற எண். இலை தன் சமையலுக்குச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்றுக்குள் ஓர் எண் வரும். அடர்ந்த மரம் 0.6க்கு மேல், காய்ந்த மண் 0.1, 0.2 வாக்கில், சிமென்ட் அதற்கும் கீழே, தெளிந்த தண்ணீர் பெரும்பாலும் மைனஸில். க்யூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரே வரியில் முடிகிற வேலை.

அந்த ஒரு வரியில்தான் ஒரு பொறி இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் வருகிற சென்டினல்-2 ஃபைல்களில் ஒவ்வொரு பிக்சலின் மதிப்போடும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். கணக்குப் போடுவதற்கு முன் அதை நாம் கழிக்க வேண்டும். உதாரணமாக ஒரு மரத்தின் உண்மையான மதிப்பு சிவப்பில் 500, அகச்சிவப்பில் 3000 என்று வையுங்கள். என்டிவிஐ 0.71. ஃபைலில் அது 1500, 4000 என்று கிடக்கும், அப்படியே போட்டால் 0.45. மரம் அப்படியே நிற்கிறது, எண் மட்டும் சரிந்துவிட்டது. 2019 படத்தையும் 2024 படத்தையும் இந்தக் கழித்தல் இல்லாமல் ஒப்பிட்டால் ஊரில் பாதி மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று மேப் கதறும், அதை எடுத்துக்கொண்டு யாராவது மனு எழுதவும் கிளம்பிவிடுவார்கள். ஃபைலோடு வருகிற விவரக் குறிப்பில் (மெட்டாடேட்டா) ப்ராசஸிங் பேஸ்லைன் என்ற பதிப்பு எண் 4.00 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் கழிக்க வேண்டும் என்று அர்த்தம். சுருக்கு வழி: மேலே பி8 மைனஸ் பி4 அப்படியே இருக்கட்டும், அங்கே 1000க்கு 1000 அடிபட்டுப் போகும், கீழே கூட்டுத்தொகையில் 2000 குறைத்துக்கொண்டால் சரி. கூகுள் எர்த் எஞ்சின் என்ற ஆன்லைன் கருவியில் செய்பவர்கள் ஹார்மனைஸ்டு என்று பெயர் போட்ட தொகுப்பை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

மேகம் அடுத்த பிரச்சினை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னைக்கு உருப்படியான படம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஜனவரியிலும் மெல்லிய மேகம் படர்ந்த படங்கள்தான் அதிகம். எஸ்சிஎல் லேயரில் 3 மேக நிழல், 8, 9 மேகம், 10 மெல்லிய உயர் மேகம். இவற்றை எடுத்துவிட்டு, அந்த மாதத்தில் கிடைத்த நல்ல படங்களின் நடுமதிப்பை எடுத்துக்கொண்டேன். எஸ்சிஎல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. வெள்ளைப் பெயின்ட் அடித்த மாடி, பளபளக்கிற ஷீட் கூரை இதையெல்லாம் சில நேரம் மேகம் என்று தள்ளிவிடும். ஒரு தடவை சாதாரண வண்ணப் படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்து நேரில் பார்த்துவிடுவது நல்லது.

ஏன் இந்த இரண்டு மாதம் என்று சொல்கிறேன். மழை முடிந்த ஜனவரியில் சென்னையில் மண் தெரிகிற இடத்தில் எல்லாம் ஏதாவது முளைத்திருக்கும். புல், எருக்கு, ஆமணக்கு, பெயர் தெரியாத களைகள். மேலிருந்து பார்த்தால் காலி மனையும் தோப்பும் ஒரே பச்சை. மே மாதத்தில் மேல் மண் காய்ந்து புல் கருகிவிடும், ஆழ வேர் விட்ட மரம் மட்டும் பச்சையாக நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்க்கிற வேம்பும் புங்கையும்கூட மே மாதத்துக்குள் திரும்பத் துளிர்த்திருக்கும், அதனால் மார்ச் படத்தைவிட மே படம் மேல். இன்னொரு லாபமும் உண்டு. மே மாதத்தில் சூரியன் சென்னைக்கு ஏறக்குறைய நேர் மேலே வருவதால், செயற்கைக்கோள் கடக்கிற காலைப் பத்தரை மணி வாக்கில்கூட அடுக்குமாடிகளின் நிழல் குட்டையாக விழும். ஜனவரியில் அதே நேரத்தில் நிழல் பக்கத்து மனையையே மூடிக்கொண்டு கிடக்கும். ஒரே எச்சரிக்கை, கோடை மழை பெய்த மே மாதம் வேண்டாம். புல் மறுபடி முளைத்து மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

இரண்டையும் அடுக்கி வைத்தால் ஊர் மூன்றாகப் பிரிகிறது. ஜனவரியிலும் மே மாதத்திலும் பச்சை, அது மரம். இரண்டிலும் பச்சை இல்லை, அது கட்டடம் அல்லது தார். ஜனவரியில் பச்சை, மே மாதத்தில் இல்லை, அது வெறும் மண். இந்த மூன்றாவதுதான் நான் தேடியது. சிமென்ட் போடாத, மழை பெய்தால் முளைக்கிற, ஆனால் மரம் இல்லாத நிலம். அதற்கு ஆரஞ்சு நிறம் கொடுத்தேன். இடமே இல்லை என்று சொன்ன ஊரில் ஆரஞ்சு திட்டுத்திட்டாக, எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்தது.

ஆரஞ்சுத் திட்டு நேரில் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு முனை மனை. ஜனவரியில் 0.5ஐத் தொடுகிறது, மே மாதத்தில் 0.15. போய் நின்றால் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், நடுவில் ஓர் எருக்கஞ்செடி, ஓரத்தில் யாரோ கொண்டுவந்து கொட்டிய உடைந்த டைல்ஸும் கம்மோடும், வேலிக்கல்லில் கம்பி அறுந்து தொங்குகிறது, அதற்கு நடுவே தகரப் பலகை: "இந்த மனை விற்பனைக்கு அல்ல." கீழே செல்போன் எண். செயற்கைக்கோள் சொன்னது அத்தனையும் சரி, மண், புல், மரம் இல்லை. பலகையை மட்டும் அதற்குப் படிக்கத் தெரியாது. பெரும்பாலான ஆரஞ்சு இப்படித்தான், யாரோ ஒருவரின் பட்டா நிலம்.

இரண்டிலும் பச்சை என்று வந்த கூட்டத்திலும் களை எடுக்க வேண்டியிருந்தது. ஏரியை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரை மேலிருந்து பார்த்தால் அற்புதமான காடு, என்டிவிஐயில் பல தோப்புகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சீமைக்கருவேலம் மே மாத வெயிலிலும் அசராமல் பச்சை காட்டும். பசுமைப் பரப்பு இத்தனை சதவீதம் என்று யாராவது மேப் நீட்டினால் ஏரியை வெட்டி எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டார்களா என்பதைத்தான் நான் இப்போது முதலில் கேட்கிறேன்.

அடுத்து வெப்பம். வெயில் அதிகமான இடத்தில் முதலில் நடலாம் என்பது நியாயமான யோசனை, சங்கத்திலும் அதைத்தான் ஆவலாகக் கேட்டார்கள். லேண்ட்சாட் 8, 9 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் இரண்டிலும் வெப்பத்தை அளக்கிற பட்டை இருக்கிறது, அதுவும் இலவசம்தான். ஆனால் அது உண்மையில் அளப்பது 100 மீட்டர் துல்லியத்தில், நமக்கு 30 மீட்டராகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 100 மீட்டர் கட்டம் என்றால் கிட்டத்தட்ட 45 கிரவுண்டு, மூன்று நான்கு தெரு ஒன்றாய்க் கலந்த எண். மேப் போட்டதும் எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. நெருக்கமான தெருக்களைவிட காய்ந்த மைதானமும் காலி மனைகளும்தான் கொதித்தன. காரணம் புரியாத விஷயம் இல்லை. லேண்ட்சாட் கடப்பதும் காலைப் பத்து மணி வாக்கில்தான். வெற்று மண் சீக்கிரம் சுட்டுவிடும், கான்கிரீட் சூடாக நேரம் எடுக்கும், நெருங்கிய கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நிழல் தரும். அந்தக் கான்கிரீட் இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்குள் கக்குகிற சூட்டில்தான் ஜனங்கள் தூங்காமல் கிடக்கிறார்கள், அது காலைப் படத்தில் வராது. பளபளப்பான உலோகக் கூரை வேறு, தன் சூட்டை வெளியே காட்டாமல் குளிர்ச்சி மாதிரி நடிக்கும், அடியில் இருப்பவருக்குத்தான் தெரியும். விண்வெளி நிலையத்தில் 2018இல் பொருத்திய எக்கோஸ்ட்ரெஸ் கருவி இரவிலும் படம் எடுக்கும், அதில் ஊர் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் தெருக்களின் சூடு ஓரளவு புலப்படும். கடைசியில் வெப்ப மேப்பை இரண்டு இடங்களில் எதை முதலில் எடுப்பது என்று குழம்பும்போது மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வெப்ப மேப்தான் பார்க்க அழகாக, சிவப்புச் சிவப்பாக இருக்கும், அதைத்தான் எல்லாரும் போஸ்டராக அடிக்கக் கேட்பார்கள். கொடுக்கவில்லை.

வெப்பத்தைவிட உபயோகமாக இருந்தது நடை தூரம். நகர்ப்புற வனவியல் அறிஞர் சீசில் கோனைனன்டைக் 2021இல் 3-30-300 என்று ஒரு விதி சொன்னார்: வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரம் தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. முதல் இரண்டும் எங்களுக்கு இப்போதைக்குக் கனவு. மூன்றாவதை அளந்து பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப்பில் இருக்கிற பூங்காக்களையும் தெருக்களையும் எடுத்து, விட்டுப் போனதை நாங்களே போட்டு நிரப்பினோம். பூங்காவைச் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டால் பாதி ஊர் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருக்கும், அது பொய். எங்கள் ஊரில் முட்டுச்சந்தும் கால்வாயும் அத்தனை. கூப்பிடு தூரத்தில் தெரிகிற பூங்காவுக்கு மெயின் ரோடு சுற்றி முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன. க்யூஜிஐஎஸ்ஸில் தெரு வழியாக நடந்து அளக்கிற கருவி இருக்கிறது, அதைப் போட்டதும் வட்டம் சிலந்தி வலை மாதிரி சுருங்கியது. (இதைச் செய்வதற்கு முன் எல்லா லேயரையும் மீட்டர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சென்னைக்கு அந்த அமைப்பின் எண் 32644. இல்லையென்றால் 300 என்று கொடுத்ததை அது 300 டிகிரி என்று எடுத்துக்கொண்டு உலகத்தையே சுற்றி வரும்.)

வலைக்கு வெளியே இருக்கிற ஆரஞ்சுத் திட்டுகளை மட்டும் வடிகட்டினேன். அந்த மேப்பை எங்கள் நகரில் இருக்கிற ஓய்வுபெற்ற சர்வேயர் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேப் நல்லா இருக்கு தம்பி. சர்வே நம்பர் எங்கே?"

வேலையின் இரண்டாம் பாதி அங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு திட்டுக்கும் சர்வே எண் கண்டுபிடித்து, வருவாய்த் துறையின் இணையதளத்தில் அது பட்டாவா புறம்போக்கா என்று பார்த்து, புலப்படத்தை (நிலத்தின் அளவை வரைபடம்) எடுத்து மேப் மேல் வைத்துப் பொருத்தி, இதெல்லாம் அவர் வேகத்துக்கு நான் பின்னால் ஓடின கதை. கிணறு, பழைய வரப்பு, களம் என்று நான் கேள்வியே படாத அடையாளங்களை வைத்து அவர் பழைய எல்லையைச் சொல்வார், நான் அதைத் திரையில் குறிப்பேன். பட்டா நிலம் எல்லாம் வெளியே போனது. ஆரஞ்சு மளமளவென்று சுருங்கியது. மிச்சம் நின்றதில் பள்ளி வளாகம் ஒன்றிரண்டு, சாலையோரத் துண்டுகள், ஏரிக்கரை, அப்புறம் ஓஎஸ்ஆர் (ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு) நிலங்கள்.

ஓஎஸ்ஆரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த ஊரின் பூங்காக் கதையே அதில் இருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். 3,000க்கு மேல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டவும் வழி உண்டு. 3,000க்குக் கீழே ஒன்றும் கிடையாது. 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 13 கிரவுண்டு. துண்டு துண்டாகப் பிரித்து விற்ற ஊரில் பூங்கா எங்கிருந்து வரும்? அங்கீகாரமே இல்லாமல் போட்ட பழைய மனைப்பிரிவுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 2017இல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்த பிறகுதான் அவற்றில் பல காகிதத்திலாவது ஏறின. ஆனால் பெரிய மனைப்பிரிவுகளில் ஒதுக்கிய இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கீகரித்த வரைபடத்தில் "பூங்கா" என்று எழுதியிருக்கும், நேரில் போனால் பெயர்ப் பலகை இருக்காது, சுற்றியிருக்கிற வீட்டுக்காரர்களுக்கே அது யார் இடம் என்று தெரியாது.

அப்படி ஒன்றில் போய் நின்றோம். மூன்று பக்கமும் அடுக்குமாடிகளின் காம்பவுண்டு, நான்காவது பக்கம் தெரு. உள்ளே இரண்டு கார் கவர் போட்டு நிற்கிறது, மணல் குவியல், அதன் மேல் பூனை. மூலையில் மட்டும் ஒரே ஒரு பூவரசு தானாக முளைத்துப் பெரிதாகி நின்றது, மே மாதப் படத்தில் ஒரு பிக்சல் மட்டும் 0.4 என்று தனியாகத் தெரிந்தது இதுதான். பக்கத்து மாடியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "இங்க மரம் வெச்சா வண்டியை எங்க விடறது?" என்று கேட்டார். சர்வேயர் சார் அசராமல், "ஓரமா நிழல்ல விடலாம்மா, சீட்டு சுடாது" என்றார். அந்த அம்மாள் யோசித்துவிட்டு உள்ளே போனார், பிறகு தண்ணீர் ஊற்ற முதலில் ஒப்புக்கொண்டதும் அதே வீடுதான்.

எல்லா இடமும் இப்படி அமையவில்லை. ஒன்றில் படம் எடுத்த பிறகு கட்டடம் எழும்பிவிட்டது. ஒன்றின் நட்டநடுவில் டிரான்ஸ்ஃபார்மர். சாலையோரத் துண்டுகள் பலவற்றில் கீழே மழைநீர் வடிகால், மேலே மின்கம்பி, வேர் இறங்கவும் வழியில்லை, கிளை ஏறவும் வழியில்லை. இதை எந்தப் படமும் சொல்லாது, கால் வலிக்க நடந்தால்தான் தெரியும். நடக்கும்போது போனில் க்யூஃபீல்டு என்ற செயலியில் அதே மேப்பைப் போட்டுக்கொண்டு போனோம், நாம் எந்தத் திட்டின் மேல் நிற்கிறோம் என்று காட்டும், அங்கேயே போட்டோ எடுத்துச் சேர்த்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். காலியாகத் தெரிகிற இடம் எல்லாம் மரம் நடும் இடம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மே மாதப் படத்தில் பல இடங்களில் மண் நிறத்தில்தான் வரும், அங்கே பசுமை குறைவு என்று மேப் சொல்லும். 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் அது, தண்ணீர் ஏறி இறங்குவதுதான் அதன் வேலை, பறவைகள் வருவதும் அந்தத் திறந்த வெளிக்குத்தான். ஏரியின் உட்பகுதியும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கம் முழுக்க நீரில் கிடந்ததைப் பார்த்த பிறகும் நீர் நிற்க வேண்டிய இடத்தில் கன்று நட்டுப் போட்டோ எடுப்பது எனக்குச் சம்மதம் இல்லை. கரையில் மட்டும் பனை விதைக்கலாம் என்று அதை வேறு நிறத்தில் தனியாகக் குறித்தோம். தாழ்வான இடங்களுக்கு நீர்மருதும் புங்கையும், நெருக்கமான தெருவுக்கு மகிழமும் பூவரசும், இடம் தாராளமாக இருந்தால் வேம்பும் நாவலும். 2016 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முறிகிற மரத்தின் மேல் ஆசை இருக்காது.

மண்டல அலுவலகத்தில் கொடுக்க அறிக்கையெல்லாம் எழுதவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம். மேலே இரண்டு மாதப் படம் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் சர்வே எண்ணும் வகைப்பாடும், கீழே நாங்கள் எடுத்த போட்டோ, 300 மீட்டர் நடைக்குள் எத்தனை கட்டடங்கள் என்ற ஓர் எண். அந்த எண்ணுக்குக் கூகுள் இலவசமாகத் தருகிற கட்டட எல்லை லேயரை எடுத்துக்கொண்டோம். கவுன்சிலரிடம் பேசும்போது அச்சடித்த தாளைவிட போனில் கூகுள் எர்த்தில் திறக்கிற மாதிரி கேஎம்எல் ஃபைலாகக் கொடுத்தது நன்றாக வேலை செய்தது. அவரே விரலால் நகர்த்தி, "இது நம்ம வாட்டர் டேங்க் பின்னாடி இருக்கற இடம்ல?" என்று கண்டுபிடித்தார். என்டிவிஐ என்ற சொல்லை நான் எங்கேயும் உச்சரிக்கவில்லை. மே மாதப் படம், ஜனவரிப் படம், அவ்வளவுதான்.

கன்று நட்ட பிறகு அதையும் மேலிருந்தே கண்காணிக்கலாமா என்று சங்கத்தில் ஓர் இளைஞர் கேட்டார். இப்போதைக்கு முடியாது. ஐந்தடிக் கன்று 10 மீட்டர் பிக்சலில் கரைந்து போய்விடும், குடை விரிந்து கட்டத்தை ஓரளவாவது நிரப்புகிற வரைக்கும் மே மாதப் படத்தில் அந்த இடம் ஆரஞ்சாகவே இருக்கும். அதுவரை சர்வேயர் சாரின் நீள நோட்டுதான்: கன்று எண், இனம், தண்ணீர் ஊற்றுகிற வீட்டு எண், ஆடு கடித்ததா இல்லையா. இப்போது கீழ்க்கட்டளைப் பக்கத்துச் சங்கத்தார் தங்களுக்கும் செய்து தரக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ஏரியாவும் அதே 44பிஎம்வி கட்டத்துக்குள்தான், அதனால் படம் புதிதாக இறக்க வேண்டாம், வெட்டி எடுக்கிற எல்லைக்கோட்டை மட்டும் மாற்றினால் போதும். சர்வே எண் பார்க்கிற வேலைக்கு அவர்கள் பக்கத்தில் ஓர் ஆளைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.